மண்டூருக்குப் போன எலிக்காரன்

மட்டக்களப்பில் இறங்கிய அரைமணி நேரத்துக்குள் மூன்று பேர் என்னிடம் சமாதானம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டார்கள். தப்பு என் பேரில்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று பேருந்து நிலையத் தேநீர்க்கடைக்காரர் கேட்டபோது, பிறந்த ஊரான திருநெல்வேலியைச் சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்காமல் நார்வே என்று சொல்லித் தொலைத்தேன்.

"நோர்வேயா? அப்ப பேச்சுக்கு வந்த ஆக்களோட வந்தீங்களா சேர்?"

"இல்லைங்க. நான் அங்க எலி வளர்க்கிறேன்."

கடைக்காரர் தேநீர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சண்டை ஓயாத காலம் அது. நார்வேக்காரர்கள் இரண்டு தரப்பையும் பேசவைக்க வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நாட்டிலிருந்து ஒருவன் வந்து எலியைப் பற்றிப் பேசினால், ஏதோ ரகசியத்தை மறைக்கிறான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் றபீக், கண்ணைச் சிமிட்டிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார். "சொல்ல ஏலாத விசயமெண்டா விடுங்க சேர்" என்றார். காத்தான்குடிக்காரர். அடுத்த நான்கு நாளும் அவர்தான் எனக்குச் சாரதி.

நான் சொன்னது உண்மை. ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரிப்பதுதான் என் பிழைப்பு. சாதாரண எலிகள் அல்ல. பரம்பரையாகச் சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி வரும் எலிகள். ஒரு மரபணுவில் பழுது. அந்தப் பழுதோடு பிறந்த குட்டி பார்ப்பதற்கு மற்றக் குட்டியைப் போலவேதான் துள்ளும், தின்னும், கடிக்கும். ஏறக்குறைய ஒரு வயதுக்குள் அதன் சிறுநீரகத்தில் கட்டி வந்துவிடும். மனிதரிலும் சில குடும்பங்களில் இப்படி வருவதால், அங்குள்ள பேராசிரியர்கள் எலியில் பார்த்து மனிதருக்கு வழி தேடுகிறார்கள். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றையும் எடுத்து விலாவைக் கட்டைவிரலால் நீவிப் பார்ப்பது என் வேலை. விரலில் ஏதாவது தட்டுப்பட்டால் குறித்து வைப்பேன்.

அதே இடத்தில் கூண்டு கழுவும் வேலையில் இருந்தவன் தேவா. மண்டூர்க்காரன். ஒருநாள் மருத்துவரிடம் போகாமல் நேரே என்னிடம் வந்தான். "அண்ணன், மூத்திரம் சிவப்பாப் போகுது. எங்கட எலிக்கு வாறதுதானே இது?" என்று கேட்டான். அதுவேதான். அவனுடைய அப்பாவும் நடுத்தர வயதில் அப்படித்தான் இரத்தமாகப் போய்ச் செத்தாராம். ஊரில் உடம்புச்சூடு என்று இளநீர் கொடுத்திருக்கிறார்கள். தேவாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது, பிழைத்துக்கொண்டான். உடன்பிறந்தவர்களையும் உடனே பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். இருப்பது ஒரே அக்கா, பூமணி. அப்பா இறந்த வயதை அக்கா நெருங்கிக்கொண்டிருந்தார். தேவா மூன்று கடிதம் எழுதினான். 'நாங்கள் நல்ல சுகம். நீ குளிரில் கவனம்' என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அகதிக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவன் ஊருக்குப் போக முடியாது. நான் விடுமுறையில் திருநெல்வேலிக்குப் போகவிருந்தேன். "மட்டக்களப்பு போற வழியிலதானே அண்ணன்" என்றான் தேவா. பூகோளத்தில் அவ்வளவு கெட்டி. முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் வியாழக்கிழமை மட்டும் வெளியூரிலிருந்து வருவார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நான் வந்தது திங்கள். வெள்ளிக்கிழமை நான் கிளம்பியாக வேண்டும். அன்று விடுதியில் எருமைத்தயிரும் வெல்லப்பாகு மாதிரியான பாணியும் ஒரு கிண்ணம் நிறையத் தந்தார்கள். தயிர் கத்தியால் வெட்டலாம் போல் இருந்தது. எங்கள் ஊர்த் தயிரை இனிமேல் மோர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் பாதிக்குமேல் இறங்கவில்லை. வியாழனுக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று மனம் கணக்குப் போட்டபடியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை குருமண்வெளித் துறைக்குப் போனோம். வாவிக்கு அந்தக் கரையில் மண்டூர். நடுவில் போவது இரும்பு மிதவைமேல் பலகை அடித்த ஒரு பெரிய தெப்பம். ஊரார் அதைப் 'பாதை' என்கிறார்கள். துறைக்கு முன்னால் இராணுவச் சோதனைச்சாவடி. என் பையைக் கொட்டினார்கள். அக்காவுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்த புகைப்படங்கள் வெளியே விழுந்தன. நல்ல சிறுநீரகம் ஒன்று, கட்டி வந்த சிறுநீரகம் ஒன்று, மேசையில் மல்லாந்து கிடக்கும் எலி ஒன்று. சிப்பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் ஏதோ கேட்டான். தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் மொழிபெயர்த்தார்: "ஊரெல்லாம் எலிக்கு மருந்து வைக்கிறார்கள், இவர் எலிக்கு வைத்தியம் பார்க்கிறாரா என்று கேட்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சிரித்து முடித்த பிறகு, அந்தப் பக்கம் ஏதோ வெடிச்சத்தம் கேட்டதால் இன்று பாதை ஓடாது என்று சொன்னார்கள்.

காத்திருப்பது எனக்கு வரவே வராது. மாலைக்குள் ஓடிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர்வரை நடந்தேன், திரும்பி வந்தேன். என்னோடு காத்திருந்தவர்களில் தயிர் விற்றுவிட்டு வெறும் சட்டிகளோடு திரும்பும் ஒரு அம்மாளும் இருந்தார். நான் அலைவதைப் பார்த்துவிட்டு, "குந்துங்க மனே, வாவி எங்கயும் போகாது" என்றார். பிறகு அந்தப் பக்கத்து முதல் கேள்வியைக் கேட்டார்: "நீங்க என்ன குடி?"

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குடி உண்டு. கோயில் திருவிழாவில்கூட இந்த நாள் இந்தக் குடிக்கு என்று முறை இருக்கிறது. அந்தக் குடி தாய்வழியாக மட்டும்தான் வரும். "தாய் என்ன குடியோ, அதுதான் புள்ளைக்கும். அப்பன் வேற குடி. வந்து குடியிருந்துட்டுப் போற ஆள்." எங்கள் ஊரில் எல்லாமே அப்பா வழிதான் என்றேன். "பாவம், உங்கட ஊர்ப் பொம்புளையள்" என்றார். அன்று பாதை ஓடவில்லை.

புதன்கிழமை ஓடியது. என் பாஸ்போர்ட்டைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார்கள். பாதையில் சைக்கிள்கள், உரமூட்டைகள், இரண்டு ஆடுகள், ஒரு கல்யாணக் கூட்டம். நடு வாவியில் எஞ்சின் ஒருமுறை நின்றது. நான் பலகை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணக் கூட்டமோ அதைப் பொருட்படுத்தாமல் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது. எஞ்சினும் தானாகவே மனம் மாறி ஓடத் தொடங்கியது.

பூமணி அக்காவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. அறுவடைக்கு ஆள் பேசிக்கொண்டு வாசலில் நின்றார். மெலிந்த, உரத்த குரலுள்ள பெண். தேவாவின் பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அவருடைய இரண்டு பெண்கள், ஒருத்திக்குப் பத்தொன்பது இருக்கும், மற்றவளுக்குப் பதினாறு, என் தமிழைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படத்தில் பேசுவதைப் போல இருக்கிறதாம். வாவி இறாலும் சோறும் வந்தன. அப்படி ஓர் இறாலை நான் வாழ்நாளில் தின்றதில்லை. தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, உங்க அப்பாவுக்கு இருந்தது தேவாவுக்கும் வந்திருக்கு. உங்களுக்கும் இருக்கலாம். நாளைக்கு ஒருதரம் ஸ்கேன் பாத்துட்டா தெரிஞ்சிரும். சின்னதா இருக்கும்போதே பிடிச்சா கட்டியை மட்டும் எடுத்துடலாம்."

"அது அப்பாட குடி வருத்தம் தம்பி. எங்களுக்கு வராது." வருத்தம் என்றால் அங்கே நோய்.

"அப்ப தேவாவுக்கு எப்படி வந்துச்சு?"

"எலிக்குள்ளயே கிடந்தா வராதா? உங்கட எலியாலதான் வந்த."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷமாக எலியைத் தொட்டுப் பிழைக்கிறேன், எனக்கு வரவில்லையே, இது தொற்றுநோய் அல்ல, பிறவியிலேயே வருவது என்று படபடவென்று சொன்னேன். அக்கா அசையவில்லை. என் தட்டில் இன்னும் கொஞ்சம் இறாலைப் போட்டார்.

"இஞ்ச பாருங்க தம்பி. இந்த வீடு அம்மாட. வளவு அம்மாட. வட்டைக்குள்ள செய்யிற காணி அம்மாட. குடி அம்மாட. வருத்தம் மட்டும் அப்பாட எண்டு என்னெண்டு வரும்?"

நான் கை கழுவிவிட்டு வாசலில் குந்தினேன். மணலில் குச்சியால் கோடு போட்டேன். இது பழுதுள்ள ஆண் எலி. இது சுத்தமான பெண் எலி. இரண்டையும் ஒரே கூண்டில் விட்டால், பிறக்கிற குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்குப் பழுது வரும். ஆண் குட்டி, பெண் குட்டி என்ற பேதமே கிடையாது. எத்தனையோ ஈற்றுகளை என் கையால் எண்ணியிருக்கிறேன். அப்பாவிடமிருந்து மகளுக்கு வரும், அக்கா, வரும்.

பெண்கள் இருவரும் குனிந்து பார்த்தார்கள். அறுவடை பேச வந்த ஆள்கூடப் பார்த்தார். வயல்வட்டையில் எலி நெற்பயிரை அறுத்துத் தள்ளுகிறது, அதைப் பெருக்க ஒரு தேசமா என்று அவர் தன் குறையைச் சொன்னார். அக்கா கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

"எலிக்கென்ன தம்பி, குடியா கோயிலா? அது எதோடயும் கிடக்கும். மனிசர் அப்பிடியா?"

மணி இரண்டரை ஆகியிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியாக, உங்க அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டேன். அக்கா அதுவரை பேசிய குரலில் பேசவில்லை. கடைசி மாதம் அப்பா கொல்லைக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஒருவரையும் விடமாட்டாராம். சிவப்பைப் பிள்ளைகள் பார்த்துவிடக்கூடாது என்று அவரே மண்ணை அள்ளிப் போட்டு மூடுவாராம். சொல்லிவிட்டு மணல் கோட்டை மறுபடி பார்த்தார். பிறகு, "அப்பாட குடியில மத்த ஆக்களுக்கும் இது இரிக்குமா?" என்று கேட்டார்.

"இருக்கலாம் அக்கா."

"அது ஒருத்தருக்கும் தெரியாதே." யோசித்தார். "சரி தம்பி. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாறன்."

நான் ஏறக்குறைய ஓடிப்போய்த்தான் பாதையைப் பிடித்தேன். அவ்வளவு சந்தோஷம். என் மணல் கோடு வென்றுவிட்டது என்று நினைத்தேன். திரும்பும் வழியில் றபீக்கிடம் பெருமையடித்துக்கொண்டேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்களுக்கும் குடி இரிக்கு சேர். உம்மா வழிதான். எங்கட பொஞ்சாதியும் அப்பிடிச் சொன்னா நானும் மறுத்துப் பேச ஏலாது" என்றார். "அவ வாறன் எண்டா வருவா. ஆனா கதை அவ்வளவு லேசுல முடியுமா எண்டு தெரியல்ல." நான் அதைக் காதில் வாங்கவில்லை.

வியாழன். எட்டரைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன். ஒன்பது, பத்து, பத்தரை. தாதி ஒருவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இராணுவம் வீதியை மூடுமுன் மருத்துவர் புறப்பட வேண்டுமாம், பன்னிரண்டுக்குமேல் யாரையும் பார்க்கமாட்டார். வாசலுக்கும் வராந்தாவுக்குமாக எத்தனைதரம் நடந்தேனோ தெரியாது. காவலாளி என்னைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். பதினொன்றரைக்கு அக்கா வந்தார். கூடவே இன்னொரு பெண், நல்ல பருமன், வேர்த்து விறுவிறுக்க.

"சாவடியில இறக்கி இறக்கி ஏத்தினாங்க தம்பி, அதான் சுணங்கிட்டு. இவ என்ட மச்சாள், கனகம். அப்பாட சொந்தத் தங்கச்சிட மகள். அப்பாட குடி. நீங்க சொன்னதக் கேட்டு எனக்கு நித்திரையே வரல்ல. பாவம், தெரியாமக் கிடந்து சாகப்படாது எண்டு கூட்டி வந்தன். இவக்குப் பாருங்க."

அக்காவுக்காக நான் தாதியிடம் சொல்லிவைத்திருந்த இடத்தில் அக்கா கனகத்தின் பெயரைக் கொடுத்தாயிற்று. ஒருவகையில் அதில் தப்பும் இல்லை. அப்பாவின் தங்கைக்கும் அந்தப் பழுது இருந்திருக்கலாம், அவர் மகளுக்கும் வந்திருக்கலாம். ஆனால் அதைவிட எவ்வளவோ நிச்சயமான ஆபத்தில் நின்ற பெண், சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு மச்சாளுக்கு இடம் பிடித்துக்கொண்டிருந்தார். கனகம் உள்ளே போனார். நானும் அக்காவும் திரைக்கு வெளியே நின்றோம். நல்ல சிறுநீரகங்கள், ஒன்றுமில்லை என்று மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தாதி தமிழில் சொல்வது கேட்டது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னும் ஒராளைப் பார்க்கலாம்" என்றார் தாதி.

"அக்கா, போங்க. நீங்க போங்க."

"எனக்கு வேணாம் தம்பி. வந்த வேலை முடிஞ்சிட்டு."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கத்திவிட்டேன். ஆண் எலி, பெண் எலி, பாதிக்குப் பாதி என்று அத்தனை நோயாளிகளுக்கு முன்னால் வராந்தா அதிரக் கத்தினேன். தேவா அங்கே தூங்காமல் கிடக்கிறான் என்றேன். எத்தனை எலிகளை இந்தக் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன், கேட்கமாட்டீர்களா என்றேன். அக்காவின் முகம் இறுகிப் போயிற்று. நான் எவ்வளவு பேசினேனோ, அவ்வளவுக்கு அவர் வாசலை நோக்கி நகர்ந்தார்.

அப்போது சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்த கனகம், கதவடியில் அவரை மறித்தார்.

"எங்க கா போறாய்? என்ட குடிக்குத்தான் வருத்தம் எண்டு காலங்காத்தால இழுத்து வந்தாய். மூணு சாவடி இறங்கி ஏறி வந்து வயித்தத் திறந்து காட்டிக் கிடந்தன். என்னட்ட இல்லயாம். மறுகா மாமாட வருத்தம் எங்க போன?"

கனகம் வழியை விடவில்லை.

"நான் உனக்காகக் கிடந்தன். நீ எனக்காகக் கிட. போ கா."

என் எலிகளால் இரண்டு நாளாக அசைக்க முடியாத பெண், மச்சாளுக்காகச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

இந்தமுறை திரைக்குப் பின்னால் பேச்சே இல்லை. வலப்பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடப்பக்கம் முடியவில்லை. எனக்கு அந்த அமைதி தெரியும். நீவிக்கொண்டே போகும் என் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றுவிட்டால், பக்கத்தில் நிற்கும் தேவாவும் அப்படித்தான் கூண்டு கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். மருத்துவர் என்னை உள்ளே கூப்பிட்டார். இடது சிறுநீரகத்தில் ஒரு நெல்லிக்காய் அளவுக்கு ஏதோ இருக்கிறது. என்னவென்று நிச்சயமாகச் சொல்லக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். இந்த அளவில் கண்டது நல்லதுதான் என்றார். தாதி அதை அக்காவுக்குத் தமிழில் சொன்னார்.

கனகம் சுவரைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். "மாமா உனக்கும் வச்சிட்டுத்தான் கா போயிரிக்காரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. நான் சொன்னதுதான் சரியாக வந்திருக்கிறது. அது ஏன் பொய்யாகப் போகவில்லை என்று இருந்தது.

அக்கா மட்டும் அழவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சேலையைச் செருகிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய், சின்னதுதான் அக்கா, தேவாவைப் பாருங்கள், ஓடியாடி வேலை செய்கிறான், கட்டியை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவர் என்னைக் கேட்டதாகவே தெரியவில்லை. எழுந்து நேரே தாதியிடம் போனார்.

"மிஸ்ஸி, வாற வியாழனுக்கு ரெண்டு பேர எழுதுங்க."

தன் இரண்டு பெண்களின் பெயர்களையும் வயதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தாதி எழுதும்வரை விரலால் அந்தத் தாளைத் தொட்டுக்கொண்டே நின்றார். நான் பின்னால் ஓடிப்போய், அக்கா, ரெண்டு பேருக்குமே இருக்கும் என்று இல்லை, பாதிக்குப் பாதிதான், ஒருத்திக்கும் இல்லாமலும் போகலாம் என்றேன். இரண்டு நாள் யாரை நம்பவைக்க முடியாமல் தவித்தேனோ, அவரிடமே இப்போது குறைத்துச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். உதடு அப்போதுதான் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"பாதிக் கணக்கெல்லாம் எலிக்குத் தம்பி" என்றார். "அதுகள் ரெண்டும் என்ட குடி."